சோமண்ணனும் நாற்பது நிமிடக் குரலும்

என் கடைக்கும் சோமண்ணன் கடைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். இந்தப் பக்கம் நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டும், ரேஷன் கார்டு, வருமானச் சான்று என்று ஊராருக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொண்டும் இருப்பேன். அந்தப் பக்கம் அவர் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருப்பார். பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகிற ரோட்டில் எங்கள் கட்டடம். பதினோரு வருடம் இப்படியே ஓடிவிட்டது. அதில் பத்து வருடமாவது நான் அவரோடு சண்டை போட்டிருப்பேன். அவர் ஒருநாளும் திருப்பிச் சண்டை போட்டதில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சண்டை எதற்கு என்றால், மனிதருக்குப் பிழைக்கத் தெரியாது. மற்ற கடைகளில் கம்ப்யூட்டரைக் கொண்டுவைத்தால் திறந்து பார்ப்பதற்கு முன்பே "இது போச்சு, புதுசு மாத்தணும்" என்பார்கள். சோமண்ணன் வைத்தியர் மாதிரி முதலில் கேள்வி கேட்பார். "கடைசியா எப்ப நல்லா ஓடிச்சு? அதுக்குப் பொறவு இதில யாரு கை வச்சா?" பாதி நோய் இந்த இரண்டு கேள்வியிலேயே வெளியே வந்துவிடும். அப்புறம் வயரைக் கழற்றித் துடைத்து மாட்டுவார். அதற்கும் மசியவில்லை என்றால் டிரைவரைப் புதுப்பிப்பார். டிரைவர் என்றால் பஸ் ஓட்டுகிறவர் இல்லை. கம்ப்யூட்டர் சொல்வதை அதன் உறுப்புக்குப் புரியும்படி சொல்லிக் கொடுக்கிற மென்பொருள். "நூறில தொண்ணூறும் இதாக்கும் மக்கா. சாமானம் சாவல்ல, ஒண்ணு சொல்லுகது மற்றதுக்குப் புரியல்ல, அவ்வளவுதான்" என்பார். "மாத்தணும்" என்ற வார்த்தை அவர் வாயில் கடைசியில்தான் வரும். அது வருவதற்குள் வந்தவர் வேறு கடைக்குப் போயிருப்பார்.

தனுவச்சபுரம் ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். கொஞ்ச நாள் டிவி பழுது பார்த்து, பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தார். மனைவி ஷியாமளா அக்கா தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய் ரோட்டோரம் புல் வெட்டி, வாய்க்கால் தோண்டி வீட்டைத் தாங்கினாள். ஒரே மகன் அனூப். ஏழு வருடத்துக்கு முன்னால், இருபத்தொரு வயதில், பைக்கில் போய் உதியன்குளங்கரையில் லாரியில் மோதி இறந்துபோனான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வண்டி கடந்து போகும்போது ரோட்டோரக் கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை அணைத்து, வெளியே வந்து நிற்போம். செத்தவர் என்ன மதம், யார் வீட்டுப் பிள்ளை என்றெல்லாம் கேட்பதில்லை. வண்டி மறைந்ததும் ஷட்டரை ஏற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வியாபாரத்தைத் தொடங்குவோம். அனூப்பைக் கொண்டுவந்தது அந்தி நேரம். உடலுக்குப் பக்கத்தில் ஆம்புலன்சில் உட்கார்ந்து வந்த சோமண்ணன் ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறார். பதினாறு கழிந்து கடைக்கு வந்த அன்று என்னிடம் சொன்னார். "ரெஜிலா, அமரவிளை தொட்டு வீடு வரை ஒரு கடையிலயும் வெளிச்சம் இல்ல கேட்டியா. எனக்க பிள்ளைக்கு வேண்டி ஊரு முழுக்க அணைச்சுப் போட்டு நிக்கு. அது மட்டும் இல்லேங்கி நான் அந்த வண்டியில இருந்து எறங்கியிருக்க மாட்டேன்."

அன்றிலிருந்து எந்தச் சாவு வண்டி போனாலும் சோமண்ணன் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டிருக்க மாட்டார். நேராக வராந்தாவுக்குப் போய் மெயின் சுவிட்சையே இழுத்துவிடுவார். எங்கள் கட்டடம் முழுவதற்கும் ஒரே மெயின். கட்டிய புண்ணியவானை நான் வாழ்த்தாத நாளில்லை. என் ஜெராக்ஸ் மெஷின் பாதித் தாளை விழுங்கிக்கொண்டு நின்றுவிடும். முதல் இரண்டு தடவை கத்தினேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டு நிற்கிற மனிதரிடம் கசங்கின தாளைக் காட்டி நியாயம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

போன வருடம் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்த சமயம், பூதலிங்கம் சார் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பத்து வருடம் முன்பு தொண்டையில் புற்றுநோய் வந்து, ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. பேச்சு அறவே கிடையாது. சட்டைப் பையில் இருக்கும் சின்ன டயரியில் எழுதிக் காட்டுவார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

சோமண்ணன் வழக்கமான இரண்டு கேள்வியையும் கேட்டார். சார் எழுதினார்: "சிடி டிரைவ் கம்ப்யூட்டரில் தெரியவில்லை. மகள் மஞ்சு விண்டோஸை மாற்றிய பிறகு." அத்தோடு நிறுத்தவில்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பி மூன்று பக்கம் எழுதினார். நான் சோமண்ணன் தோளுக்குப் பின்னால் நின்று படித்தேன். படிக்கக்கூடாதுதான், படித்தேன்.

அவர் மனைவி சொர்ணம்மாளுக்கு மூன்று வருடமாக நினைவு மங்கிக்கொண்டு வருகிறது. அண்மைக் காலம்தான் முதலில் அழிந்தது. ஆபரேஷன் நடந்தது அவளுக்கு நினைவில்லை. அவள் மனதில் இருக்கும் கணவர் குண்டானவர், கனத்த குரல்காரர், ஆபீசுக்குப் போயிருப்பவர். அந்தி ஆனால் வாசலைப் பார்த்து "அவிய இன்னும் வரல்லியே" என்பாள். பக்கத்தில் எலும்பும் தோலுமாக நிற்கிற ஊமை மனிதர் அவளுக்கு யாரோ. வேலைக்கு வைத்த ஆள் என்று நினைத்து மரியாதையாகவே நடத்துவாள். "நீரு சாயா குடிச்சீரா?" என்று கேட்பாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், காலையில் தலை வாரிவிடும்போது மட்டும், சட்டென்று அவர் கையைப் பிடித்து "வந்தாச்சா?" என்பாளாம். அந்த இரண்டு மூன்று நாளுக்காகத்தான் மற்ற நாளையும் ஓட்டுகிறேன் என்று சார் எழுதியிருந்தார்.

குரலைக் கேட்டால் ஆளைத் தெரிந்துகொள்வாள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. ஆனால் குரல் எங்கே இருக்கிறது? அவருக்குக் குரல் இருந்த காலத்தில் வீட்டில் இருந்தது பட்டன் போன். மஞ்சுவின் கல்யாண வீடியோவில் மனிதர் நாலு மணி நேரம் வாயை அசைக்கிறார், மேலே முழுக்க சினிமாப் பாட்டை ஓடவிட்டிருக்கிறான் வீடியோக்காரன். மீதி இருந்தது ஒரே ஒரு டிஸ்க். மஞ்சு இன்ஜினியரிங் கடைசி வருடத்தில், பேச்சைப் புரிந்துகொள்கிற கம்ப்யூட்டர் என்று ஒரு புராஜெக்ட் செய்தாள். அதற்காக அப்பாவை மைக் முன்னால் உட்காரவைத்து எண்களையும் பத்திரிகைச் செய்திகளையும் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தாள். ஏழு கோப்பு, மொத்தம் நாற்பது நிமிடம். இந்தக் கம்ப்யூட்டரிலேயே, இந்த டிரைவிலேயே எழுதிய டிஸ்க். பெங்களூரில் அவள் எத்தனையோ டிரைவில் போட்டுப் பார்த்தும் படிக்கவில்லை.

சோமண்ணனும் தன்னிடம் இருந்த மூன்று டிரைவில் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "சாரே, டிஸ்க்க எழுதி முடிச்சு மூடாம விட்டிருக்கினும். பின்ன இந்த டிரைவுக்க லென்சு அண்ணைக்கே இத்திரி சரிஞ்சு இருந்திருக்கு. அது கோணலா எழுதினத அதுக்குத்தான் வாசிக்கத் தெரியும். இத உயிர்ப்பிக்கணும், வேற வழி இல்ல" என்றார். சார் தலையை ஆட்டினார்.

முதல் நாள் முழுக்க டிரைவரோடு மல்லுக்கட்டினார். பட்டியலில் இருந்த பழையதை நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, புதிதாகத் தேடவைத்தார். பழைய சிடி எழுதும் மென்பொருள் ஒன்று போகிற போக்கில் விட்டுப்போன மிச்சம் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதைத் தோண்டி எடுத்து எறிந்ததும் டிரைவ் திரையில் வந்துவிட்டது. சார் சந்தோஷத்தில் பெஞ்சைத் தட்டினார். டிஸ்கைப் போட்டதும் சர்ரென்று சுழன்று ஏழு கோப்பின் பெயரும் தெரிந்தது. எதைத் திறந்தாலும் மெஷின் அப்படியே உறைந்தது. இரண்டாம் நாளும் அதே கதை.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. சோமண்ணன் இணையத்தில் தேடி, அந்த டிரைவைச் செய்த கம்பெனி எப்போதோ வெளியிட்ட ஃபெர்ம்வேர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஃபெர்ம்வேர் என்பது டிரைவுக்கு உள்ளேயே பதிந்திருக்கிற மூளை. அதைப் புதுப்பித்தால் இந்த மாதிரி டிஸ்குகளை இன்னும் நன்றாகப் படிக்கும் என்று போட்டிருந்தது. ஒரே ஒரு எச்சரிக்கை: புதுப்பிக்கிற நாலு நிமிடமும் மின்சாரம் போகக்கூடாது. போனால் டிரைவ் பிணம்.

"வேண்டாம் சோமண்ணா, பேராவது தெரியுதுல்லா" என்றேன்.

"பேரத் தெரிஞ்சு என்ன செய்ய மக்கா? கொரலுல்லா வேணும்" என்றார். சாரைப் பார்த்தார். சார் ஒரு நொடி யோசித்து, சரி என்று கையைக் காட்டினார்.

மூன்றரை மணி இருக்கும். நான் என் கடைக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பக்கம் அவர் பொத்தானை அமுக்கிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஃபெர்ம்வேர் பாதிக்கு மேல் ஏறியிருந்த நேரம், நெய்யாற்றின்கரை பக்கமிருந்து ஒரு ஜீப் மைக்கில் மரண அறிவிப்பைச் சொல்லிக்கொண்டே வந்தது. பின்னால் ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் பைக்குகள். செத்தது காரோடு என்ற ஊரில் யாரோ கடலுக்குப் போகிறவராம். சோமண்ணன் எழுந்தார். எழுந்தது அவர் என்று நான் சொல்ல மாட்டேன், ஆறு வருடப் பழக்கம் எழுந்தது.

நான் ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே வந்தபோது அவர் மெயின் சுவிட்சை நோக்கி நடந்துகொண்டிருந்தார். உள்ளே பூதலிங்கம் சாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பெஞ்சிலிருந்து எழுந்து வாயைத் திறந்தார். என்ன வரும்? கழுத்துத் துணி படபடத்தது, அவ்வளவுதான். கையால் மேசையில் ஓங்கி ஓங்கி அடித்தார். மைக் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. டக்கென்று மெயின் இறங்கியது.

ஆம்புலன்ஸ் போய் மறையும் வரை நாங்கள் தலை குனிந்து நின்றோம். சத்தம் அடங்கியதும்தான் என் கடைக்குள்ளிருந்து கீ, கீ என்று ஒரு சத்தம் கேட்டது. அது சோமண்ணனுடைய யூபிஎஸ். மழைக்கால இடியில் என்னுடையது போய்விட்டது. இரண்டு நாளைக்கு என்று அவருடையதைக் கேட்டு வாங்கி, பதினைந்து நாள் என் மேசைக்கடியில் வைத்திருந்தேன். திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கொடுக்க எனக்கு நேரம் வரவில்லை. அது அவர் கடையில் இருந்திருந்தால் மெயின் போனாலும் அந்த டிரைவ் பிழைத்திருக்கும். இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சோமண்ணனின் கை சுவிட்சிலேயே நின்றுவிட்டது. திரும்பினார். வாசலில் சார் நின்றுகொண்டிருந்தார். "அய்யோ சாரே" என்றார் சோமண்ணன். கரண்டைப் போட்டுப் பார்த்தால் டிரைவில் விளக்குகூட எரியவில்லை. தட்டு திறக்கவில்லை. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி முன்பக்கத்துச் சின்ன ஓட்டையில் குத்தி டிஸ்கை வெளியே எடுத்தார். சார் டயரியை எடுத்து எழுதினார்: "சாரமில்லை சோமா. செத்தவனுக்கு எழுந்து நின்றது குற்றமாகாது." ஒன்றும் பரவாயில்லை என்று அவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சோமண்ணன் அழுதார்.

அதற்குப் பிறகு மனிதர் வேறு வேலை எடுக்கவில்லை. அதே மாடல் டிரைவ் ஒன்று கிடைத்தால் அதன் சர்க்யூட் போர்டை எடுத்து இதில் மாட்டலாம், கோணல் லென்ஸ் பழையபடி இருக்கும், மூளை மட்டும் புதிது. அதைத் தேடி திருவனந்தபுரம், மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று பழைய சாமான் கடைகளில் அலைந்தார். மழையில் நனைந்துகொண்டு வருவார், போவார். ஷியாமளா அக்கா ஒருநாள் கடைக்கு வந்து என்னிடம் கேட்டாள். "ரெஜிலா, இவரு சோறு திங்கியது இல்ல. அனூப் போனப்ப இருந்தது போல இருக்காரு. எதாக்கும் காரியம்?" எனக்குத் தெரிந்ததில் பாதியைச் சொன்னேன். யூபிஎஸ் கதையைச் சொல்லவில்லை.

சார் தினமும் நாலு மணிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். நடுவில் ஆறு நாள் காணவில்லை. வந்ததும் எழுதிக் காட்டினார்: "சொர்ணத்துக்குக் காய்ச்சல். நாலு நாள் ஆஸ்பத்திரி." இன்னும் நாலு நாள் கழித்து, சோமண்ணன் கேட்காமலே எழுதினார்: "இப்போது காலையிலும் என்னைத் தெரியவில்லை. தலை வாரினால் கூச்சப்படுகிறாள்." சோமண்ணன் அதைப் படித்துவிட்டு டயரியை மூடி அவர் கையில் கொடுத்தார்.

இருபத்திமூன்றாம் நாள் காட்டாக்கடையில் மூடிக்கிடந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அந்த மாடல் கிடைத்தது. போர்டை மாற்றி மாட்டி, டிஸ்கைப் போட்டு, இரண்டு நாள் பொறுமையாக இழுத்தார். ஏழில் இரண்டு கோப்பு வந்தது. ஒன்பது நிமிடம். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு எண்ணைக் கேட்டுவிட்டு உடனே நிறுத்தினார். "முழுக்கக் கேக்க வேண்டியது நாம இல்ல" என்றார்.

அன்று சாயங்காலமே நான் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு சார் வீட்டுக்குப் போனேன். பென் டிரைவை ஒரு சின்ன ஸ்பீக்கரில் செருகி, எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று சோமண்ணன் சொல்லிக் கொடுத்தார். சொர்ணம்மாள் கட்டிலில் உட்கார்ந்து போர்வை நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சார் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கழுத்துக்குப் புதுத் துணி போட்டிருந்தார். கல்யாண மாப்பிள்ளைக்கு இருக்கிற படபடப்பு அவர் முகத்தில் இருந்தது. கட்டிலுக்கு நேர் எதிரே, அவள் பார்வை படுகிற இடத்தில் வந்து நின்றுகொண்டு பொத்தானை அமுக்கினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு." கனத்த குரல், சர்க்கார் ஆபீஸ் குரல். அவ்வளவு மெலிந்த உடம்பில் ஒருகாலத்தில் இது இருந்தது என்று நம்பவே முடியவில்லை. சொர்ணம்மாளின் விரல் நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். முப்பத்தேழு வந்ததும் குரல் சட்டென்று எண்ணிக்கையை விட்டுவிட்டுச் சத்தம் போட்டது. "எட்டி சொர்ணம், அந்த மோட்டார நிறுத்து! பிள்ளைக்கு ரிக்கார்டு ஆவாது!"

"நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு" என்றாள் சொர்ணம்மாள் உரக்க. முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, குரல் வந்த மூலையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு திரும்பி, எதிரே கண்ணீரோடு நிற்கிற சாரைப் பார்த்தாள்.

"அவிய வந்தாச்சு. நீரு இத்தன நாளு கூட இருந்து பாத்தது பெரிய உபகாரம். இனி நீரு வீட்டுக்குப் போவும்" என்றாள்.

சோமண்ணன் பதறிப்போய், "அம்மா, இவருதான்..." என்று தொடங்கினார். சார் கையைக் காட்டித் தடுத்தார். மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி, தூறலில் கிணற்றடிக்குப் போய் நின்றார். உள்ளே முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று அவர் குரல் எண்ணிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் அவள் "ம்" கொட்டினாள்.

திரும்பி வரும் வழியில் சோமண்ணன் சொன்னார். "அண்ணைக்கே கேட்டிருந்தாங்கி, ரெஜிலா, அண்ணைக்கு அவளுக்கு ஆளத் தெரியும். கொரலையும் ஆளையும் சேத்துப் பிடிச்சிருப்பா." எனக்கு அது உண்மையா என்று தெரியாது. யாருக்கும் தெரியாது. யூபிஎஸ் என்னிடம் இருந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அது அண்ணைக்கே எனக்குத் தெரியும்லா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது தினமும் அந்திக்கு சார் பொத்தானை அமுக்கிவிட்டு ஒன்பது நிமிடம் வெளியே போய் நிற்கிறார். வீட்டுக்காரர் வந்திருக்கும்போது அந்நிய ஆள் உள்ளே நின்றால் சொர்ணத்துக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எழுதிக் காட்டினார். குரல் நின்றதும் அவிய உறங்கப் போயாச்சு என்று அவளே சமாதானம் ஆகிவிடுகிறாளாம். அதன் பிறகு உள்ளே போய்க் கஞ்சி கொடுப்பார்.

சோமண்ணன் விடவில்லை. மற்ற ஐந்து கோப்பையும் எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்று இரண்டு மாதம் அந்த டிரைவோடு கிடந்தார். ஒருநாள் மூன்றாவது கோப்பு அசைந்து கொடுப்பது போலத் தெரிந்தது. ஓடிவந்து, பெஞ்சில் இருந்த சாரிடம், "சாரே, இன்னும் முப்பத்தொரு நிமிஷம் உண்டு, எடுத்துத் தாறேன்" என்றார்.

சார் டயரியை எடுத்து எழுதினார்: "வேண்டாம் சோமா. அது கூடினால் நான் வெளியே நிற்கிற நேரமும் கூடும்."

சோமண்ணன் டிஸ்கை எடுத்து உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தார்.